தொட்டியில் இருக்கும் ஃபைட்டருக்கு எத்தனை வயது?

ஃபைட்டர் என்று நம் ஊர்க் கடைகளில் சொல்லப்படும் பீட்டா மீனைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வயதை மாதக் கணக்கில் சொல்லிவிட யாராலும் முடியாது. விற்பவராலும் முடியாது, பல ஆண்டுகளாக வளர்ப்பவராலும் முடியாது. ஆனால் அது இளமீனா, முழு வளர்ச்சி பெற்றதா, முதுமைக்குள் நுழைந்துவிட்டதா என்பதை ஓரளவு உறுதியாகப் பிரித்தறியலாம். வாங்கிய நாளும், வாங்கியபோது அது இருந்த தோற்றமும் தெரிந்தால், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டு எல்லைகளுக்கு நடுவே அதன் வயதை நிறுத்தவும் முடியும்.

இதை அக்கறையோடு எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல்லடம், சூலூர், சோமனூர்ப் பக்கம் மீன் வளர்க்கும் வீடுகளில் ஒரு ஃபைட்டர் சோர்ந்து தொட்டியின் அடியில் படுத்துவிட்டால், "அதுக்கு வயசாயிருச்சுங்க, விட்ருங்க" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக வருகிறது. அப்படிக் கைவிடப்படும் மீன்களில் பல, தம் வாழ்நாளில் பாதியைக்கூடக் கடக்காதவை என்பது என் உறுதியான எண்ணம். நல்ல பராமரிப்பில் ஒரு பீட்டா மூன்று ஆண்டுகள் வாழ்வது இயல்பு. நான்கைத் தொடுபவையும் உண்டு. ஐந்தை எட்டுபவை மிகச் சிலவே. ஒன்றரை வயது மீனைக் கிழ மீன் என்று ஒதுக்குவது, குணப்படுத்தக்கூடிய ஒரு நோயைப் பார்க்காமல் விடுவதாகும்.

கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு, ஓர் உயிரின் வயதை அதன் உடம்பிலேயே படித்துவிடலாம் என்ற நம்பிக்கை இயல்பாகவே இருக்கும். கண்ணபுரம் சந்தையிலோ, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையிலோ காங்கயம் காளை பிடிக்கப் போகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பார். பால்பல் விழுந்து இரண்டு பல் போட்டிருந்தால் இரண்டு, இரண்டரை வயது; நாலு பல் என்றால் மூன்றை ஒட்டியது; எட்டுப் பல்லும் வந்து கடை சேர்ந்துவிட்டால் நாலரை, ஐந்தைத் தாண்டியது என்று கணக்குச் சொல்லிவிடுவார். தீவனம் குறைந்த மாட்டுக்குப் பல் சற்றுத் தள்ளிப் போகுமே தவிர, அந்தக் கணக்கு அடியோடு மாறாது. பீட்டாவின் உடம்பில் வெளியே தெரிகிற எதுவும் அப்படிக் காலத்தை ஒட்டி வளர்வதில்லை. நீளம், துடுப்பு, நிறம் ஆகிய மூன்றும் தண்ணீரின் சூடு, கிடைக்கும் இரை, இருக்கும் இடம், இனவகை ஆகியவற்றுக்கு ஏற்ப முன்பின்னாக மாறுபவை.

மீனின் உடம்புக்குள் காலத்தின் பதிவே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெடர்ஸ்ட்ரோம் என்ற பாதிரியார் 1759ஆம் ஆண்டிலேயே பைக் என்னும் நன்னீர் மீனின் முதுகெலும்பில் இருக்கும் வளையங்களை எண்ணி வயது கணித்திருக்கிறார். 1898இல் ஹாஃப்பவர் என்ற ஆய்வாளர் கெண்டை மீனின் செதில்களில் ஆண்டு வளையங்கள் இருப்பதை விளக்கினார். மீனின் உட்காதில் இருக்கும் சிறு சுண்ணாம்புக் கல்லில் நாளுக்கு ஒன்றாக மெல்லிய அடுக்குகள் படிகின்றன என்பதை 1971இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். குளிர்நாட்டு மீன்களுக்குக் குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று, பிறகு தொடர்வதால் ஆண்டு வளையம் தெளிவாக விழுகிறது. ஆண்டு முழுதும் வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும் வெப்பநாட்டு மீனிடம், அதிலும் தொட்டியில் வளரும் மீனிடம், அந்தத் தெளிவை எதிர்பார்க்க முடியாது. காதுக் கல்லை எடுத்துப் பார்ப்பதென்றால் மீன் இறந்திருக்க வேண்டும். ஆகவே கடல்மீன் வளத்தைக் கணக்கிடும் அறிவியலாளர்களுக்குப் பெருந்துணையான இந்த முறைகள் வீட்டுத் தொட்டியில் நீந்தும் உயிருள்ள மீனுக்கு உதவா. நமக்கு மீதமிருப்பவை அதன் வரலாறும் நம் கண்ணும்தான்.

வரலாற்றை முட்டையிலிருந்தே தொடங்குவது நல்லது, ஏனென்றால் முதல் நான்கு மாதங்களில் மட்டுமே பீட்டாவின் வளர்ச்சி ஓரளவு நாள்கணக்குக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. ஆண் மீன் நீர்ப்பரப்பில் கட்டும் நுரைக்கூட்டில், 27, 28 டிகிரி செல்சியஸ் சூட்டில், முட்டைகள் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடுகின்றன. குஞ்சுகள் இரண்டு மூன்று நாள் வால் கீழாகக் கூட்டில் தொங்கி, மஞ்சள் கருவைத் தின்று தீர்த்த பிறகே கிடைமட்டமாக நீந்தத் தொடங்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் லேபிரிந்த் உறுப்பு மூன்றாம் நான்காம் வாரத்தை ஒட்டி உருவாகிறது. அதன் பிறகே குஞ்சு நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கப் பழகும். அந்தப் பருவத்தில் நீர்ப்பரப்பின் மேல் இருக்கும் காற்று குளிர்ந்திருந்தால் குஞ்சுகள் கூட்டமாகச் சாவதுண்டு, அதனால்தான் வளர்ப்பவர்கள் தொட்டியை மூடியே வைக்கிறார்கள். இரண்டு மாதம் கடக்கும்போது நிறம் தெளியத் தொடங்குகிறது. இரண்டரை, மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் ஒன்றோடொன்று மோத ஆரம்பிப்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனிப் போத்தலில் எடுத்து விடுகிறார்கள். நான்கைந்து மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். நீண்ட துடுப்புள்ள ஹாஃப்மூன், கிரவுன்டெயில் வகை ஆண்களுக்கு வால் முழுதாக விரிவதற்கு இன்னும் ஓரிரு மாதம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

இதிலிருந்து வயதுக் கணிப்பில் நமக்குக் கிடைக்கும் மிக உறுதியான பிடி ஒன்று வருகிறது. கடையில் சிறு டப்பாவில் வைத்து விற்கப்படும் ஓர் ஆண் ஃபைட்டரின் வால் முழுதாக விரிந்து, துடுப்புகள் உடலைவிட நீண்டு தொங்கினால், அந்த மீனுக்கு ஐந்து மாதத்துக்குக் குறையாத வயது என்று நம்பிச் சொல்லலாம். குட்டை வால் உள்ள பிளக்காட் வகையும் பெண் மீன்களும் இதைவிட இளமையிலேயே, மூன்றரை, நான்கு மாதத்தில் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. கோவை, திருப்பூர், ஈரோட்டுக் கடைகளுக்கு வரும் மீன் பெரும்பாலும் வேறெங்கோ பிறந்தது. சென்னைக் கொளத்தூர், கொல்கத்தாப் பகுதி ஆகிய வளர்ப்பு மையங்களிலிருந்தோ, விலை உயர்ந்தவையானால் பீட்டாவின் தாயகமான தாய்லாந்திலிருந்தோ அது வந்திருக்கலாம். பண்ணையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து சில்லறைக் கடைக்கும் வந்து சேர எடுக்கும் வாரங்களையும், கடை அலமாரியில் அது காத்திருந்த காலத்தையும் இந்த ஐந்து மாதத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காத்திருப்பை மட்டும் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "இதுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டால் "ஆறு மாசம் இருக்குமுங்க" என்ற வழக்கமான பதில்தான் கிடைக்கும், "இது எப்ப வந்த சரக்குங்க?" என்று கேட்டால் அவருக்கு உண்மையாகவே தெரிந்த விடை கிடைக்கும். நான் எப்போதும் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்பேன்.

இளமீனையும் முதிர்ந்த மீனையும் பிரிக்கும் அடையாளங்களில் எனக்கு நம்பிக்கை உள்ளவை சிலவே. இளமீனுக்குத் தலையோடு ஒப்பிடக் கண் பெரிதாகத் தெரியும், உடல் ஒல்லியாக இருக்கும், வயிற்றுக்கு முன்னால் கீழ்நோக்கி நீளும் இரண்டு மெல்லிய துடுப்புகள் குட்டையாக இருக்கும். உடலின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் கருங்கோடுகள் குஞ்சுப் பருவத்தில் பரவலாகக் காணப்படுபவை. ஆனால் அச்சமுற்ற பெண் மீனிடமும் அதே கோடுகள் தோன்றுவதால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆண் மீன் செவுள் மூடியை விரித்துச் சீறும்போது, அதற்கடியிலிருந்து தாடிபோல் வெளியே தள்ளும் கருஞ்சவ்வு முதிர்ந்த ஆணிடம் அகலமாக இருக்கும். மூன்று மாத ஆணிடம் ஒரு மெல்லிய விளிம்பாகவே தெரியும். பெண் மீனின் வயிற்றடியில் இருக்கும் வெண்புள்ளியை முதிர்ச்சியின் அடையாளமாகச் சிலர் கொள்கிறார்கள். இளம் ஆண்களிடமும் அத்தகைய புள்ளி சில நேரம் காணப்படுவதால் நான் அதற்கு அதிக மதிப்பளிப்பதில்லை.

நீளத்தை வைத்து வயது சொல்வதை அறவே விட்டுவிட வேண்டும். முழு வளர்ச்சி பெற்ற பீட்டா பொதுவாக 5 முதல் 7 சென்டிமீட்டர் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது நெருக்கடியிலும் அழுக்குத் தண்ணீரிலும் அரை வயிற்று இரையிலும் வளர்ந்த மீன் ஒரு வயதிலும் 4 சென்டிமீட்டரைத் தாண்டாமல் நின்றுவிடலாம். ஜெயன்ட் என்ற பெயரில் விற்கப்படும் பெருவகை அரை ஆண்டிலேயே சாதாரண முதிர்ந்த மீனைவிடப் பெரிதாக இருக்கும்.

நிறமும் இப்படித்தான் ஏமாற்றும். முதுமையில் நிறம் மங்குவது உண்மை. முகமும் முதுகும் முதலில் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். ஆனால் மார்பிள் வகை மீன்கள் வாழ்நாள் முழுவதும் நிறம் மாறிக்கொண்டே இருப்பவை. வெள்ளையாக வாங்கிய மீன் சில மாதங்களில் நீலமாகிவிடும், நீலமாக இருந்தது திட்டுத்திட்டாக வெளுக்கும். இதற்கும் முதுமைக்கும் தொடர்பில்லை. டிராகன் வகையில் உலோகம்போல் மின்னும் தடித்த செதில்கள் மாதங்கள் செல்லச்செல்ல முகத்தை நோக்கிப் பரவி, சில மீன்களுக்குக் கண்ணையே மூடிவிடும். அதைக் கண்புரை என்றும் முதுமை என்றும் எண்ணிக்கொண்டு, ஒரு வயது நிரம்பாத மீனைக் கிழ மீன் என்று சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன். பார்வை குறைந்த அந்த மீனுக்குத் தேவைப்பட்டது, தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரை போடுவது மட்டுமே.

எட்டு மாதத்துக்கும் ஏறத்தாழ இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில், நலமாக இருக்கும் பீட்டாவின் உடம்பில் வயதைக் காட்டும் குறி எதுவும் இல்லை என்றே சொல்ல வேண்டும். பத்து மாத ஆணையும் இருபது மாத ஆணையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் வைத்து, இரண்டும் நல்ல தண்ணீரில் இருந்தால், எது மூத்தது என்று பார்வையால் சொல்ல முடியாது. வாழ்நாளின் நடுப்பகுதி முழுவதும் இப்படிக் கண்ணுக்கு மறைந்திருப்பதால்தான் வாங்கிய நாளைக் குறித்து வைப்பது அவ்வளவு தேவையாகிறது. நுரைக்கூடு கட்டுவதைக் கொண்டு இளமையை அளப்பதும் பயன் தராது. சில ஆண்கள் இளமையிலும் கட்டுவதில்லை, சில இரண்டரை வயதிலும் கட்டுகின்றன.

இரண்டு வயதைக் கடந்த பிறகு முதுமை மெல்ல வெளியே தெரியத் தொடங்குகிறது. என் தொட்டிகளில் நான் கண்ட வரிசை ஏறத்தாழ ஒரே மாதிரியாகத்தான் இருந்திருக்கிறது. முதலில் ஓய்வு நேரம் கூடுகிறது; நீர்ப்பரப்புக்கு அருகில் இருக்கும் அகன்ற இலையின் மேல் சாய்ந்துகொண்டு நீண்ட நேரம் இருக்கும், ஆள் வந்தால் எழுந்து வரும், ஆனால் முன்போல் பாய்ந்து வராது. அடுத்து, இரையைக் குறி தவறுகிறது. பெல்லட் என்னும் உருண்டைத் தீனி விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து மூடிவிட்டு, மறுபடி தேடும். பிறகு துடுப்புகளின் ஓரம் சுருண்டு, கனத்துத் தொங்குகிறது. நீண்ட வால் உள்ள ஹாஃப்மூன்களுக்கு அந்த வாலைச் சுமப்பதே பெரும் உழைப்பாகிவிடுவதால் அவை பிளக்காட்டைவிட முன்னதாகவே களைத்துத் தெரிகின்றன. முதுகு மெல்ல வளைந்து கூன் விழுகிறது, தலைக்குப் பின்னால் சதை வற்றுகிறது, இரண்டு கண்களும் பால் படர்ந்ததுபோல் ஆகின்றன. இவை அனைத்தும் ஒரு மீனிடம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. ஆனால் வருபவை மாதக் கணக்கில், மெதுவாக வருகின்றன. இந்த மெதுவான வேகம்தான் முதுமையின் உண்மையான அடையாளம் என்று நான் கருதுகிறேன். ஒரு வாரத்தில் 'கிழடு தட்டிய' மீனுக்கு நோய் என்று கொள்ள வேண்டும்.

முதுமையைப் போலவே தோற்றமளிக்கும் நிலைகளில் நம் பகுதியில் முதலிடம் குளிருக்குத்தான். பீட்டா, தாய்லாந்தின் நெல்வயல்களிலும் ஆழமற்ற வெதுவெதுப்பான நீர்நிலைகளிலும் வாழ்ந்த மீன். 25 முதல் 28 டிகிரி வரை அதற்கு ஏற்ற சூடு. கோவை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் மார்கழி, தை மாத இரவுகளில் வெளிவெப்பம் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது, ஹீட்டர் இல்லாத சிறு கண்ணாடிக் குடுவையின் தண்ணீரும் விடியலுக்குள் அதை ஒட்டிக் குளிர்ந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று திறந்த தொட்டியின் மேல் இரவு பகலாக வீசும்போதும் தண்ணீர் அறையைவிடக் குளிர்ந்து போகும். குளிர்ந்த தண்ணீரில் பீட்டா செரிமானம் குறைந்து, நிறம் மங்கி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் படுக்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாக முதுமை. எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டில் நீல நிற கிரவுன்டெயில் ஒன்று தை மாதம் முழுவதும் இப்படிக் கிடந்தது. "தம்பி, இதுக்கு வயசாயிருச்சுங்களா?" என்று கேட்டார். தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது அது 20 டிகிரியைக் காட்டியது. சிறிய ஹீட்டர் ஒன்றைப் பொருத்தி, சூட்டை ஒரே நாளில் ஏற்றாமல் சிறிது சிறிதாக 26க்குக் கொண்டுவந்த பிறகு, அந்த மீன் பழையபடி கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்துச் சீறத் தொடங்கியது. அதற்கு அப்போது ஒரு வயதுதான் ஆகியிருந்தது.

சூட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீனின் உடல் தண்ணீரின் சூட்டையே கொள்வதால், 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்கும் தொட்டியில் அது விரைவாக வளர்ந்து, விரைவாகவே தேய்ந்தும் போகிறது. கரூர், ஈரோட்டுக் கோடையில் மாடி அறையில் வைக்கப்பட்ட மீனையும், நடுக்கூடத்தில் 26 டிகிரியில் இருந்த மீனையும் ஒரே நாள்காட்டியால் அளக்க முடியாது. முன்னதன் உடம்பு அதன் வயதைவிட மூத்துத் தெரியும்.

அடுத்தது தண்ணீர். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் கூடிய, காரத்தன்மை கொண்ட நீர். பீட்டா அந்தக் கடினத்தன்மையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சிக்கல், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் இருக்கிறது. 25 டிகிரி சூட்டில், அமில-காரத் தன்மையின் அளவான பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அது நூறில் ஐந்து பங்கை எட்டிவிடும். ஆகவே கடினத்தன்மை குறைந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீரில் வளரும் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு கழிவு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளரும் மீனின் செவுளையும் துடுப்பையும் எரித்துவிடும். குழாய்க் குடிநீரில் குளோரின் இருக்கும் என்பதால் அதற்கு நீக்கி மருந்து கலக்க வேண்டும் என்பது தனி. எரிந்த துடுப்பு ஓரம் கிழிந்து, கறுத்து அல்லது சிவந்து, நாளுக்கு நாள் குட்டையாகும். முதுமையில் துடுப்பு சுருளுமே தவிர, இப்படிக் குட்டையாகாது. நல்ல தண்ணீர் கிடைத்தவுடன் கண்ணாடிபோல் நிறமற்ற புதுச்சவ்வு ஓரத்தில் முளைத்து வந்தால், அது நோயாகவோ காயமாகவோ இருந்தது என்பது உறுதியாகிவிடும்.

கூனல் முதுகை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறவியிலேயே முதுகு வளைந்த மீன்கள் உண்டு. அவை இளமையிலிருந்தே அப்படி இருக்கும். முதுமைக் கூன் மெல்ல விழுவது. இவை இரண்டும் அல்லாமல், மைக்கோபாக்டீரியம் என்னும் கிருமியால் வரும் மீன் காசநோயிலும் முதுகு வளைகிறது. அதோடு உடல் கத்திபோல் மெலியும், செதில் உதிரும், புண் தோன்றும். இந்தக் கிருமி வகைகளில் ஒன்று கையில் இருக்கும் வெட்டுக்காயம் வழியாக மனிதரின் தோலிலும் தொற்றக்கூடியது. ஆகவே முதுகு வளைந்து மெலிந்த மீன் இருக்கும் தொட்டியில் காயம்பட்ட கையை விடக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் கையை விட்டு விளையாடும் வீடுகளில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கண் விஷயத்தில் ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று பார்ப்பது உதவும். ஒரு கண் மட்டும் திடீரென்று வெளுத்தால் பெரும்பாலும் காயம். இரண்டும் வீங்கிப் பிதுங்கினால் தொற்று அல்லது தண்ணீர்க் கேடு. இரண்டும் வீக்கமின்றி, மாதக் கணக்கில் மெதுவாகப் பால் படர்ந்தால் முதுமையாகக் கொள்ளலாம்.

இத்தனையையும் வைத்து நான் பின்பற்றும் ஒழுங்கு இதுதான்: ஒரு மீன் கிழடாகத் தெரிந்தால் முதலில் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும், பிறகே வயதைப் பற்றி நினைக்க வேண்டும். ஒரு நாள் வைத்திருந்த, குளோரின் நீக்கிய, தொட்டியின் சூட்டோடு ஒத்த தண்ணீரால் கால் பங்கை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி, சூட்டை 26 டிகிரியில் நிலைநிறுத்தி, ஒரு காய்ந்த நாட்டு வாதுமை இலையைப் போட்டு, பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம். நிறமும் பசியும் திரும்பினால் அது முதுமை அல்ல. நோய்க்குறி எதுவும் இல்லாமல் அதே மென்மையான சோர்வு தொடர்ந்தால், அப்போது வயதைக் கணக்கிடத் தொடங்கலாம்.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். 2024 பொங்கல் சமயத்தில் வாங்கிய ஹாஃப்மூன் ஆண் என்று வைத்துக்கொள்வோம். அன்று அதன் வால் முழு அரைவட்டமாக விரிந்திருந்தது. ஆகவே அன்றைக்குக் குறைந்தது ஐந்து மாதம், அதாவது 2023 ஆவணிக்குப் பிறகு அது பிறந்திருக்க முடியாது. அன்று முதுமைக்குறி எதுவும் இல்லை, துடுப்பு ஓரங்கள் நேராக இருந்தன. ஆகவே அன்றைக்கு இரண்டு வயதுக்கு மேல் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு, அதாவது 2022 பொங்கலுக்கு முன்னால் பிறந்திருக்காது எனலாம். 2025 தீபாவளியன்று அதன் வயது என்ன என்று கேட்டால், குறைந்தது இரண்டு ஆண்டு இரண்டு மாதம், கூடினால் மூன்றேமுக்கால் ஆண்டு. இந்த இரண்டு எல்லைகளும் சம வலுவுள்ளவை அல்ல. கடைகளில் ஃபைட்டர் ஓராண்டு விற்காமல் கிடப்பது அரிது. "போன மாசம் வந்த சரக்குங்க" என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், உண்மை கீழ் எல்லையை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 'இரண்டேகால் முதல் இரண்டரை வயது, மூன்றுக்கு மேல் இருக்க வாய்ப்புக் குறைவு' என்று எழுதி வைப்பேன். இப்படி எல்லை போட்டுச் சொல்வது தயக்கம் போலத் தோன்றலாம். நான் இதையே நேர்மையான விடை என்று கருதுகிறேன். 'இரண்டு வயது நான்கு மாதம்' என்று துல்லியமாகச் சொல்பவரிடம் அதற்கான ஆதாரம் இருக்காது.

ஊர் மாறிப் போகிறவர்கள் கொடுத்துச் செல்லும் மீன்களுக்கு இந்தக் கணக்கும் கிடைப்பதில்லை. அப்போது கொடுப்பவரின் கைபேசியில் இருக்கும் பழைய படங்கள் பெரிதும் உதவும். தீபாவளிக்கு வாங்கிய புத்தாடைப் படத்தின் பின்புறம் அலமாரியில் அந்தத் தொட்டி தெரிந்தால், அந்த மீன் அன்றே முழு வாலோடு இருந்ததா என்று பார்த்துவிடலாம். வளர்ப்பவர் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், மீனின் பக்கவாட்டைப் படம் எடுத்து வைத்தால் போதும். முதுகின் வளைவையும் முகத்தின் நிறத்தையும் நினைவால் ஒப்பிட முடியாது, படத்தால் முடியும். வாங்கிய தேதி, கடைக்கு வந்த மாதம், அன்றைய வாலின் நிலை ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தொட்டியின் மூடியில் ஒட்டிவிட்டு, மீனை யாருக்காவது கொடுக்க நேர்ந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வயது உண்மையாகவே கூடிவிட்டது என்று தெரிந்த மீனுக்குச் செய்ய வேண்டியவை எளியவை. காற்றுக்காக மேலே வந்துபோவது அதற்குச் சிரமமாகிவிடுவதால் நீர்மட்டத்தை 12, 15 சென்டிமீட்டருக்குக் குறைக்கலாம். ஃபில்டரின் வேகத்தைத் தணித்து, அகன்ற இலையுள்ள அனுபியாஸ் செடியை நீர்ப்பரப்புக்கு அருகில் வைத்தால் அதன் மேல் சாய்ந்துகொள்ளும். பெல்லட்டைத் தொட்டித் தண்ணீரிலேயே சிறிது நேரம் ஊறவைத்து, ஒவ்வொன்றாக, வாய்க்கு முன்னால் விழும்படி காலையும் மாலையும் கொடுக்க வேண்டும். தின்னாமல் அடியில் விழுந்ததை அப்போதே எடுத்துவிட வேண்டும். அழகுக்காக வேறொரு ஆண் மீனையோ கண்ணாடியையோ காட்டிச் சீற வைப்பதை இந்த வயதில் முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் மாற்றும்போது ஒரே தடவையில் பாதியை எடுக்காமல், ஐந்தில் ஒரு பங்கு வீதம் வாரம் இருமுறை மாற்றினால் அதன் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும்.